நான்காம் முறையும் அவரே தலைவர்

வெள்ளி, ஜூன் 6
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அக்காவின் இடது கண் வீக்கம் குறையவே இல்லை. ஐஸ் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் தலைவர் தேர்தல். எங்கள் தோட்டக் குடியிருப்பில் அடிதடி, திருட்டு எதுவானாலும் தலைவர்தான் கோயில் மண்டபத்தில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். இவர் மூன்று தடவை ஜெயித்தவர். எனக்கு ஞாபகமுள்ள தீர்ப்புகள்:
கோழி திருடியவன்: ஒரு மாதம் கோயில் கூட்ட வேண்டும்.
மோட்டார் சைக்கிள் திருடியவன்: தலைவருக்குச் சொந்தக்காரன். "வயசுப் பையன், விடுங்கலா."
அக்காவை அடித்த அவள் புருஷன்: சூடம் அணைத்துச் சத்தியம், பிறகு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாம். இதுவரை இரண்டு தடவை. அவன் உள்ளங்கைக்குச் சூடம் பழகிவிட்டது. இனி அவனை மாமா என்று கூப்பிட மாட்டேன்.

சாயங்காலம் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம், "போலீஸ் ரிப்போர்ட்டெல்லாம் எதுக்குலா? எலெக்‌ஷன் முடியட்டும், செவ்வாக்கெழம விசாரிச்சிடறேன்." அக்கா புருஷன் குடும்பம் பெரியது. அத்தனையும் ஓட்டு. நான் டீ கொண்டுபோனேன். "பள்ளிக்கூடம் நின்னுட்டியாமே? நல்லது பாப்பா, வீட்டு வேல பழகு." டீயில் சீனி போடவில்லை. வேண்டுமென்றேதான்.

ஞாயிறு, ஜூன் 8
வெயில். கை தூக்கும் ஓட்டு. எனக்கு வயது போதாது, பின்னால் நின்றேன். எதிர்த்து நின்றவர் ஒரு லாரி டிரைவர். அவர் மனைவியே அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் அவருக்குக் கை தூக்கினார்.
அக்கா தலைவருக்குத் தூக்கினாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.
வரும் வழியில் அவளே சொன்னாள். "எப்படியும் அவருதான் வரப்போறாரு. தூக்கலன்னா மனசுல வெச்சிக்குவாருடி. இப்ப எனக்காகவும் பேசுவாரு பாரு."
பேசுவாராம்.

திங்கள்
அக்கா இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு சாப்பிட்டாள். நீலாய் டவுனில் வேலை தேடலாம் என்கிறாள். தலைவலி எனக்கு.

செவ்வாய், ஜூன் 10
விசாரணை. அம்மா சுங்கை காடுட் பேக்டரிக்கு லீவு போட்டு வந்தாள்.
அக்காவிடம் ஒரே கேள்வி. "அன்னிக்கு நேரத்துக்குச் சமைச்சியா இல்லியா?"
அவன் சூடத்தை அணைத்தான். பின்னாலிருந்து யாரோ, "கல்யாணத்துலகூட இத்தன சத்தியம் பண்ணல மாப்ள!" எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும்.
தீர்ப்பு: "காலைல புருஷன் வீட்டுக் கார் வரும். கெளம்பிடும்மா."
கழுத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்ததற்குப் போட்ட மாலை இல்லையே தவிர, அதே சிரிப்பு.

புதன்
கார் வந்துவிட்டது. தலைவரும் கூடவே. அக்கா துணியைப் பையில் அடுக்கி முடித்தாள். நான் அறைக் கதவை உள்ளே தாழ்போட்டு, கட்டிலை இழுத்து முட்டுக்கொடுத்தேன். போலீஸுக்குப் போன் செய்தேன். மலாய் தடுமாறியது, முகவரியை இரண்டு தடவை சொன்னேன். வருகிறார்களாம்.
வெளியே அம்மா அழுகிறாள். "மானம் போவுதுடி, தெற!"
"பாப்பா, நான் தலைவர் பேசறேன்."
"உங்களுக்கு நான் ஓட்டுப் போடல," என்றேன். கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.
மறுபடியும் தட்டுகிறார். அக்கா பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள்.