அறை பதினான்கில் சம்பந்தி

மார்ச் 4, திங்கள்
பனி உருகி பிஷ்கெக் நகரம் முழுக்கச் சேறு. காலைத் தேநீரோடு மகள் ஐசிரெக் தீர்ப்பு சொன்னாள். ஏப்ரல் 27 அவள் கல்யாணம். அதுவரை நான் ஒரு சொட்டும் தொடக்கூடாது. தொட்டால் பந்தியில் மணமக்களுக்கு ஆசி சொல்வது நானல்ல, அவள் சித்தப்பா. என் தம்பி வாயைத் திறந்தால் குதிரை விலையைத் தவிர வேறெதுவும் வராது.

கோபம் நியாயம்தான். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் செய்து அவளுக்குத் தோடு போட வந்த அன்று நான் பின்னறையில் போதையில் கிடந்தேன். ரத்தக்கொதிப்பு என்று மனைவி சமாளித்தாள். மாப்பிள்ளை திலெக்கின் தகப்பனும் வரவில்லை; அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. மலையில் ஆடு மேய்க்கிறாராம். பிப்ரவரிப் பனியில் என்ன மேய்ச்சலோ.

மார்ச் 6, புதன்
குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். முதல் தொலைபேசி எண்ணில் முடிதிருத்தகம். இரண்டாவதில் ஒருவர் ரகசியக் குரலில் சொன்னார்: நூலகத்தின் கீழ்த்தளம், அறை 14, மாலை ஆறு, யாரிடமும் வழி கேட்க வேண்டாம். நான் கேட்கவில்லை. வாசல் காவல்காரம்மாளே கூடம் அதிரச் சொன்னாள்: "குடிகாரங்க கூட்டந்தானே? கீழே இடது பக்கம். வலது பக்கம் போயிடாதே, அங்க சதுரங்கம்."

ஏழு பேர். தேநீர், ரொட்டி. நடத்துபவர் ஒர்மோன், பழைய பேருந்து ஓட்டுநர். பதினோரு வருடமாகக் குடிக்கவில்லை. விதி இரண்டு. பெயர் மட்டும் சொல்ல வேண்டும். இங்கே கேட்டது இந்த அறையைத் தாண்டக்கூடாது.

மார்ச் 9
தம்பி வந்தான். ஆசியுரைக்கு ஒத்திகை பார்க்கிறானாம்.

மார்ச் 13, புதன்
ஷெர்மாத் என்ற ஒல்லியான மனிதர் பேசினார். அவர் மகனும் இப்போது குடிக்கிறான். பட்டறையில் கருவிப் பெட்டிக்குள் புட்டி வைத்திருக்கிறான். "யார்றா பழக்குனதுன்னு கேட்டேன். 'வேற யாரையும் தேடிப் போகலப்பா'ன்னான். கல்யாணம் ஆனா சரியாயிடும்னு வீட்ல சொல்றாங்க."

எங்கள் நாட்டில் எந்த நோய்க்கும் மருந்து கல்யாணம்தான். அந்தப் பெண்ணின் தகப்பன் எவனோ, பாவம்.

மார்ச் 20, புதன்
ஒர்மோன் தன் விதியைத் தானே மீறினார். இடைவேளையில் என்னிடம் வந்து, "தம்பி, உன் ஏழு பாட்டன் பேரும் சொல்லு" என்றார்.

"பேரு மட்டும் போதும்னீங்களே, அண்ணே?"

"அது கூட்டத்துக்கு. டீ குடிக்கிறப்ப ஒரு மனுசனை விசாரிக்காம இருந்தா மரியாதையா?"

ஏழு தலைமுறை சொல்லத் தெரியாதவனை எங்களில் யார் மதிப்பார்கள்? ஆரம்பித்தேன். மூன்றாவது பாட்டனில் ஷெர்மாத்தின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"பொண்ணு வீட்டுல சொன்ன அதே பாட்டன் பேருங்க. பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்துற குபாத்தா நீங்க? ஐசிரெக்கோட அப்பா?"

"ஆமா. நீங்க?"

"திலெக்கோட அப்பா. உங்களுக்கு ரத்தக்கொதிப்புன்னு சொன்னாங்களே."

"நீங்க ஆடு மேய்க்கப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"எங்கிட்ட ஆடே கிடையாது."

ஒர்மோனுக்குக் கண் கலங்கிவிட்டது. "விசாரிச்சது நல்லதாப் போச்சு பாத்தீங்களா? சம்பந்திங்க கட்டிப் பிடிங்கப்பா."

கட்டிப் பிடித்தோம். அவர் தோளுக்கு மேல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கருவிப் பெட்டி. அந்தப் பாவப்பட்ட தகப்பன் நான்.

மார்ச் 21
வசந்தப் புத்தாண்டு, நூருஸ். தெருவெல்லாம் பாட்டு. ஐசிரெக் கல்யாணத் தலைத்துணிக்கு நிறம் பார்க்கிறாள். சொன்னா விதி போச்சு. சொல்லலைன்னா மக போச்சு. எவன்டா போட்டான் இந்த விதியை — சாராயக் கடை வேறு எதிரிலேயே திறந்திருக்கிறது.

போகவில்லை.

மார்ச் 24
சந்தை வாசலில் ஷெர்மாத்தைப் பிடித்தேன்.

"நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லலாம். என் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க."

"கல்யாணம் நின்னுடும், சம்பந்தி."

"நிக்கட்டும்."

"உங்க குடியை மறைச்சுத்தானே நீங்களும் பொண்ணைக் குடுக்க வந்தீங்க?"

சரியான அடி. சம்பந்திகள் ஆடும் கம்பளமும் மாற்றிக்கொள்வது வழக்கம். ஆளுக்கொரு உண்மையை மாற்றிக்கொள்வதென்று கடைசியில் ஒப்புக்கொண்டோம்.

மார்ச் 28
ஷெர்மாத் வீட்டுக்குப் போய் என் குடியைப் பற்றிச் சொன்னேன். அவர் மனைவி ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டு, "உங்க வீட்ல ஒண்ணு. எங்க வீட்ல ரெண்டு" என்றாள். திலெக் எழுந்து வெளியே போய்விட்டான்.

மார்ச் 31, ஞாயிறு
ஷெர்மாத் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே மகனின் குடியைப் பற்றிச் சொன்னார். ஐசிரெக் கடைசிவரை கேட்டாள். தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"இருபதாம் தேதி."

"ஏன் சொல்லலை?"

"சொல்லக் கூடாத இடத்துல கேட்டது."

கத்துவாள் என்று காத்திருந்தேன். விரல் விட்டு எண்ணினாள்.

"இதை வயித்துல வெச்சுக்கிட்டுப் பதினோரு நாள் குடிக்காமலா இருந்தீங்க?"

நான் எண்ணியிருக்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்
கல்யாணம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது, நடந்தால். திலெக்கிடம் அவள் என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆசி யார் சொல்வது என்ற பேச்சும் வீட்டில் இல்லை. ஆக, இன்று நான் அறை பதினான்குக்குப் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஐந்தே காலுக்குக் கிளம்பினேன். பேருந்து நிறுத்தத்தில் திலெக் நின்றிருந்தான். அவன் மரத்தைப் பார்த்தான், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நூலகப் பக்கம் போகும் பேருந்து வந்தது. ஏறினோம்.