இரண்டடிக் குழாயில் பன்னிரண்டு எறா

மார்ச் 8, சனி

இன்றும் ஒரு மீன் பிடித்தேன். காசிமேடு மீன் மார்க்கெட்டில், ஜெகதீசன் கூடையிலிருந்து.

ஒன்றரைக் கிலோ கொடுவா. ஜெகதீசன் செய்வதைத் திருந்தச் செய்பவன். பையில் போடுவதற்கு முன் ஒரு தூண்டில் முள்ளை எடுத்து மீனின் உதட்டில் ஓட்டை போட்டுத் தருவான். "யார்னா கேட்டா காட்டு மாமு. சாட்சி கீது." ஆறாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்ச். அப்போதும் பரீட்சையில் எனக்குச் சாட்சி இவன்தான்.

எல்லாம் டாக்டரால் வந்தது. சுகர் ஏறிவிட்டது, நடங்கள் என்றார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்தால் சுகருக்கு முன்னால் லாரி என்னைக் கொண்டுபோய்விடும். மாத்தூரில் ஒருவர் மொட்டைமாடியில் ஒரு பழைய கயாக், ஒற்றை ஆள் துடுப்புப் படகு, வைத்திருந்தார். அதில் வடாம் காயவைத்திருந்தார்கள். வாங்கிவிட்டேன். ஆறு சனிக்கிழமை காத்திவாக்கம் கழிமுகத்தில் துடுப்புப் போட்டேன், தூண்டிலும் போட்டேன். ஒரு மீன்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாவது சனி வெட்கம் தாங்காமல் ஜெகதீசனிடம் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான் பிடித்தது என்று சொல்லவே இல்லை. டெபோரா பையைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பைப்பும் குழாயும் கக்கூஸ் கோப்பையும் விற்கிற ஆளைப் பார்த்து யார் அப்படிச் சிரிப்பார்கள்? தலைத் துண்டை என் தட்டில் வைத்தாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் மீன் இருந்தது.

அது செப்டம்பர். இப்போது சர்ச்சில் என் பெயர் எபினேசர் இல்லை, மீன்காரர். ஒரே ஆறுதல், எங்கே பிடித்தீர்கள், எப்படிப் பிடித்தீர்கள் என்று டெபோரா ஒரு நாளும் கேட்டதில்லை. போன மாதம் கொடுவா கிடைக்காமல் ஜெகதீசன் வஞ்சிரம் கொடுத்தான். அதற்கும் கேட்கவில்லை. சூதுவாது தெரியாதவள்.

மார்ச் 11, செவ்வாய்

மாட்டினேன்.

டெபோராவின் அண்ணன் ஞானதுரை தூத்துக்குடியிலிருந்து போன் செய்தார். கருவாட்டு மொத்த வியாபாரி. எந்த மீனையும் வாலைப் பார்த்தே ஜாதகம் சொல்வார். "மாப்ள, ஈஸ்டருக்கு வாரேன். முந்தின நாள் உங்க கூட வந்து கரையில உக்காந்து, நீங்க மீன் பிடிக்கத பாக்கணும்."

வாங்க மச்சான் என்றேன். வேறென்ன சொல்ல?

டெபோரா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பு.

மார்ச் 12, புதன்

ஜெகதீசனிடம் போய் அழுதேன். அவன் விரல் விட்டு எண்ணினான். "ஈஸ்டர் இருவதாந் தேதியா? பதினஞ்சுல தடைக்காலம். போட்டெல்லாம் கட்டிப் போட்டுடுவாங்கோ. வெளியூர்லேந்து ஐஸ் மீனுதான் வரும். உன் மச்சான் மீனு கண்ணைப் பாத்தே சொல்லிடுவாரு. அதுவும் கரையில குந்திகினு பாத்தா நான் இன்னா பண்றது? தண்ணிக்குள்ள பூந்து உன் முள்ளுல மாட்டிவுடவா?"

முடியுமா என்று கேட்டேன். கெட்ட வார்த்தை சொன்னான்.

பிறகு மனசு இரங்கி ஒரு யோசனை சொன்னான். நான் இதுவரை செத்த எறாவைத்தான் முள்ளில் மாட்டியிருக்கிறேன். "செத்த எறாவுக்கு நண்டுதான் வரும். உசுரோட போடு மாமு."

மார்ச் 15, சனி

உயிர் எறாவுக்குக் கோவிந்தம்மாவிடம் போனேன். காத்திவாக்கத்துக்காரி, என் வயசுதான் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவி, கையாலேயே எறா பிடிக்கிறாள். இருபது வாங்கி வாளியில் விட்டு, கயாக்கில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் வெயில் ஏறி வாளித் தண்ணீர் வெந்நீராகிவிட்டது. இருபதும் மல்லாந்துவிட்டன. ஒரு படகு வேகமாகப் போனதில் அலை வந்து வாளி கவிழ்ந்தது. என் கால்சட்டைக்குள் போன எறாக்களில் ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அது எது என்று கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை.

கரையிலிருந்து கோவிந்தம்மா சிரித்த சிரிப்பு பாலம்வரை கேட்டிருக்கும்.

வீட்டுக்குக் கொடுவா. உதட்டில் ஓட்டையுடன்.

மார்ச் 18, செவ்வாய்

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் குழாயில் ஓட்டை போட்டு, உயிர் இரையை உள்ளே விட்டு, கயாக்குக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போகிறான். தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. இரை குளுகுளுவென்று இருக்கிறது.

குழாயா? கல்மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குழாய் விற்கிறவன் நான்! நாலு இஞ்ச் பிவிசி, இரண்டடி நீளம். ஒரு பக்கம் மூடி. இன்னொரு பக்கம் கைவிட்டு எடுக்கத் திருகு மூடி. வெறும் சொருகல் போதும். ஆனால் என் கடைச் சாமான் ஒழுகலாமா? மூட்டுக்கு மூட்டு பைப் ஒட்டுகிற சொல்யூஷன் தாராளமாகத் தடவினேன். நூறு வருஷம் தாங்கும்.

மார்ச் 22, சனி

சொல்யூஷன் நாற்றத்தில் இருபது எறாவும் காலி.

போன வாரமாவது அரை மணி நேரம் இருந்தன. இன்று பத்தே நிமிஷம். மூடியைத் திறந்தால் புதுசாகக் கட்டிய பாத்ரூம் வாடை. "புது லைன் ஒட்டினா ஒரு நாள் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அப்புறம் குடிங்க" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்கிறேன். எறாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

கோவிந்தம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இன்னாபா, பினாயில்ல கழுவுனியா? எதுக்கு இப்டி எறாவ பேஜார் பண்ற?"

நீ சூதுவாது தெரியாத ஒருத்தியிடம் ஆறு மாதம் பொய் சொல்லியிருக்கிறாயா கோவிந்தம்மா? இல்லைதானே. சும்மா இரு.

மார்ச் 29, சனி

இரண்டாவது குழாய். சொல்யூஷனே கிடையாது, எல்லாம் திருகுதான். ஒரு வாரம் தண்ணீர் டிரம்மில் ஊறப்போட்டேன். காற்றோட்டம் வேண்டுமே என்று அரை இஞ்ச் பிட் போட்டு மேலும் கீழும் அறுபது ஓட்டை துளைத்தேன்.

கரையில் எண்ணி இருபது விட்டேன். பாலத்துக்கடியில் போய்க் குழாயைத் தூக்கினால், முதலில் தண்ணீரெல்லாம் சல்லடைபோலக் கொட்டிவிட்டது. பிறகு உள்ளே பார்த்தேன். இரண்டு எறா இருந்தன. மற்ற பதினெட்டும் அரை இஞ்ச் வாசல் வழியாக மரியாதையாக வெளியேறியிருந்தன. அந்த இரண்டும் உடம்பு பெருத்தவை, என்னைப்போல.

குழாயைத் தூக்கிக் கரையில் எறிந்தேன். கோவிந்தம்மா எடுத்துக்கொண்டாள். மண் நிரப்பிப் புதினா நடப்போகிறாளாம்.

மார்ச் 30, ஞாயிறு

பிரசங்கம் பொய் சொல்லுகிற நாவைப் பற்றி. சர்ச் ஐயருக்கு யார் சொன்னது?

ஏப்ரல் 5, சனி

இன்று கயாக்கை இறக்கவில்லை. கரையில் உட்கார்ந்து கோவிந்தம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அவள் கையில் வந்த எறாவைப் பார்த்தேனே தவிர, அதை அவள் போட்டுவைக்கிற கூடையைப் பார்க்கவில்லை. ஓலைக் கூடை, இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறாள். பாதி தண்ணீரில், பாதி வெளியே. நகரும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் மாறுகிறது. மூன்று மணி நேரம் கழித்தும் எறா துள்ளுகிறது.

வெள்ளைக்காரனின் குழாய் இவள் இடுப்பில் தொங்குகிறது. நான் கடையில் டிரில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேட்டதற்கு, "முழுசா முக்காத, முழுசா தூக்காத. அடில தண்ணி நிக்கணும். அத்தோட ஒரு டசனுக்கு மேல அடைக்காத சார். அது இன்னா காலைல வர்ற பஸ்ஸா?" என்றாள். முதல் தடவையாக சார் என்றாள். பரிதாபமாக இருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

மூன்றாவது குழாய். ஓட்டை கால் இஞ்ச், மேல் பாதியில் மட்டும். கீழ்ப் பாதியில் ஒன்றும் இல்லை. தூக்கினாலும் அடியில் தண்ணீர் நிற்கும். முன்பக்கம் நாலு இஞ்ச்சிலிருந்து இரண்டாகக் குறுகும் ரெட்யூசர், தண்ணீரைக் கிழித்துப் போக. மேலே வலை மிதவை இரண்டு, ஜெகதீசன் கொடுத்தது. டிரம்மில் மிதக்கவிட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே, முதல் வரிசை ஓட்டைகள் முங்க, கோவிந்தம்மா கூடைபோலவே நின்றது. கடையில் இரண்டு பேர் பைப் கேட்டு நின்றார்கள். நிற்கட்டும்.

ஏப்ரல் 12, சனி

பன்னிரண்டு விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். பன்னிரண்டும் உயிரோடு. ஒன்று என் மூக்கில் துள்ளியது. நடுக் கழிமுகத்தில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கி, தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம், மூக்கில் எறா. சந்தோஷமாக இருந்தது.

மீன்? இல்லை. இரையைப் பிடுங்கிக்கொண்டு போனவை நாலு.

திரும்பும்போது காசிமேட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. ஏன்னு தெரியலை. செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வெறும் பையோடு போனேன். டெபோரா பையை வாங்கி உதறி மாட்டினாள். முட்டைக் குழம்பு வைத்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தடைக்காலம் ஆரம்பம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஜெகதீசன் சட்டை போட்டிருந்தான்; அடையாளமே தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மச்சான் வந்துவிட்டார். ஒரு பெட்டி துணி, இரண்டு பெட்டி கருவாடு.

சாப்பிடும்போது ஆரம்பித்தார். "அப்படி என்னதான் மாப்ள பிடிச்சீங்க?" நான் கொடுவா என்றேன். இன்னும் என்று கேட்டார். வேறென்ன, வேறென்ன என்று குடைந்ததில் வாய் தவறி வஞ்சிரம் என்றுவிட்டேன்.

மச்சானின் சோற்றுக் கை அப்படியே நின்றது. "வஞ்சிரமா? ஆத்துலயா? அது ஆழ்கடல் மீனுல்லா மாப்ள. கழிமுகத்துக்குள்ள எதுக்கு வருது?"

அப்போது டெபோரா, குழம்பை ஊற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். "வழி தவறி வந்திருக்கும்ணே. நீ சாப்பிடு."

கருவாட்டு வியாபாரியின் மகள். பிறந்ததிலிருந்து மீனுக்கு நடுவில் வளர்ந்தவள். அவளுக்கு வஞ்சிரம் எங்கே இருக்கும் என்று தெரியாதா? உதட்டு ஓட்டையில் ரத்தமே இல்லை என்று தெரியாதா? முதல் மீனிலேயே — ஐயோ. அந்தச் சிரிப்பு. அது என்ன சிரிப்பு?

எவ்ளோ பெரிய முட்டாளு நான். சூதுவாது தெரியாதவளாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையின் ஏழு வார்த்தைகள், மூன்று மணி நேர ஆராதனை. ஆறு வார்த்தை என் காதிலேயே விழவில்லை.

சாயங்காலம் மச்சான் தூங்கும்போது சமையலறைக்குப் போனேன். "டெபோரா, அந்த மீனெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் கடையிலேருந்து வந்தா யார்கிட்டயாவது எரிஞ்சு விழுவீங்க. இப்ப சனிக்கிழமையானா சிரிச்ச முகமா வர்றீங்க. மீன் எங்கேருந்து வந்தா எனக்கென்ன? நானா கேட்டு, நீங்க வெட்கப்பட்டு, கயாக்ல போறதையே நிறுத்திட்டீங்கன்னா?"

எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"நாளைக்கு மீன் கிடைக்கலேன்னா?" என்றேன்.

"அண்ணன் ரெண்டு பெட்டி கருவாடு கொண்டாந்திருக்கு. போய்ப் படுங்க."

ஏப்ரல் 19, சனி

விரல் வீங்கிக் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன்.

மச்சான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோவிந்தம்மா தண்ணீரிலிருந்தபடியே என் கதையையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் சிரிப்பது கேட்டது. ஒன்பதாவது எறாவரை பறிகொடுத்தேன். பத்தாவதை முள்ளில் மாட்டும்போது அது என் விரலை உதைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

இழுத்தது. கயாக்கே திரும்பியது. துடுப்பு போனது, தொப்பி போனது. தூண்டில் நரம்பைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தால், மீசை. கெளுத்தி! ஒரு கிலோ இருக்கும், ராஜா மாதிரி வாயைத் திறந்து மூடியது. முள்ளைக் கழற்றப்போனவனை அதன் முள்ளால் ஒரு குத்து குத்தியது. கையாலேயே துழாவிக் கரையேறும்போது ரத்தம் சொட்டியது.

"ஒரு கெளுத்திக்கா மாப்ள இவ்வளவு பைப்பு?" என்றார் மச்சான். ஆனால் வீடுவரை மீனை அவர்தான் தூக்கிவந்தார். வழியில் இரண்டு பேரிடம், எங்க மாப்ள பிடிச்சது என்றார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கெளுத்திக் குழம்பு. மச்சான் மூன்று துண்டு. தலை எனக்கு.

சாப்பிட்டு முடித்து அவர் சாய்ந்த பிறகு, டெபோரா என் விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். பற்றைத் தடவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எங்க பிடிச்சீங்க?"

ஏழு மாதத்தில் முதல் தடவை. பாலம் தாண்டி இடது பக்கம் என்று ஆரம்பித்தேன். பற்று காய்ந்து உதிர்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.