சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

மச்சி,

மேசை இழுப்பறையில் பழைய ஒயர்களைக் கிளறியபோது அந்தக் கறுப்பு ஃப்ளாப்பி கையில் வந்தது. அதன் தகட்டு மூடியில் நீ வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. நடுவில் குங்குமம் மட்டும் இன்னும் சிவப்பு. சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்னவென்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். எடுத்துப்போய்க் காட்டினேன்.

வீட்டிலுள்ள பாட்டு, போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துவைக்கப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கியிருக்கிறேன். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இந்தச் சண்டையை உன்னோடு தொண்ணூறுகளிலேயே போட்டு முடித்தாயிற்று என்றல்லவா நினைத்திருந்தேன்!

அபிராமபுரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு தி.நகருக்கு வருவேன். உங்கள் துணிக்கடைக்கு மேலே உன் அறை. நாம் இருவரும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர். அதில் கடைக்காரர் போட்டுக்கொடுத்த விண்டோஸ் இருந்தது. அதுவே போதும் என்பது என் கட்சி. நீயோ பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினவன். "இத்த தொறந்து உள்ள பாக்கலாம் மச்சி. நாளைக்கு எவனும் பூட்டிட்டுப் போவ முடியாது. அம்மா கொரல இதுலதான் வெப்பேன்" என்பாய்.

அந்தக் குரல்தான் விஷயமே. நீ துபாயில் வேலை பார்த்தபோது, உன் அம்மா திருநெல்வேலித் தமிழ் மாறாமல் பேசி அனுப்பிய ஒரே கேசட். நீ ஊர் திரும்புவதற்குள் அவர் போய்விட்டார். ஒருமுறை டேப் சிக்கிக் கசங்கியும் போயிருந்தது. ஓட்ட ஓட்டக் குரல் மெலிந்துகொண்டே வந்தது. சீக்கிரம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தொலை என்று நான் கத்த, லினக்ஸ் போட்ட பிறகுதான் என்று நீ முரண்டு பிடிக்க, ஆயுத பூஜை வந்துவிட்டது.

உங்கள் கடையில் அன்றைக்குக் கத்தரிக்கோல் முதல் கல்லாப்பெட்டி வரை எதுவும் சந்தனம் குங்குமத்துக்குத் தப்பாது. அதே பக்தியோடு நீ மானிட்டருக்கு வைத்தாய், மவுஸுக்கு வைத்தாய், லினக்ஸைத் தொடங்கிவைக்க வேண்டிய ஃப்ளாப்பிக்கும் வைத்தாய். அதுவும் சரியாக மூடியின் மேலேயே, கொழகொழவென்று! மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து உள்ளே தள்ளினாய். கர்ரென்று ஒரு சத்தம். ஃப்ளாப்பி டிரைவ் அதோடு சரி.

"சரஸ்வதியே விண்டோஸ்தான்னு சொல்லிட்டாடா" என்றேன்.

"வாய மூடு, கஸ்மாலம்" என்றாய். ஆனால் அப்போதே போய்க் கேசட்டை எடுத்துவந்தாய்.

இணைக்க ஒயர் இல்லாததால் டேப்ரிக்கார்டரை மைக்குக்கு எதிரே வைத்தோம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினோம். மூச்சுகூட விடக்கூடாது என்று உன்னை மிரட்டி வைத்திருந்தேன். அம்மா மழையைப் பற்றி, கடையைப் பற்றி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், சட்டென்று கேட்டார். "ஏல, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா" என்றாய் நீ.

பதிவு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும், "கெடுத்தியேடா பாவி! முதல்லேந்து போடு" என்று குதித்தேன். நீ கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

"வேணாம் மச்சி, இன்னொரு வாட்டி ஓட்டுனா தாங்காது. இருக்கட்டும். அம்மா கேட்டா பதில் சொல்லாம எப்டி?"

அன்று முழுக்க உன்னோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கேசட் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போயிற்று. பதிவை மட்டும் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் நான் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்.

இன்று காலை புதுப் பெட்டியில் லினக்ஸே போட்டுவிட்டேன். ஜெயித்துவிட்டாய், போ. முதலில் ஏற்றியது அந்தப் பதிவைத்தான். நீயும் போய்விட்டாய். உன் போட்டோ எத்தனையோ இருக்கிறது மச்சி, உன் குரல் என்னிடம் வேறெங்கும் இல்லை. நல்லவேளை, நான் சொன்னதை நீ கேட்கவில்லை.

ஃபேனை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அம்மா கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டேன் என்றாய்.