பதினெட்டாம் எண் கட்டில்

கோக்-சாய்,
ஜூன் 11

அன்புள்ள அனார்கானுக்கு,

உன் கணவன் ஷர்ஷென் எழுதுவது. நான் நலம். போனில் இதைச் சொன்னால் நீ நம்புவதில்லை, மருந்துக்குப் பணம் அனுப்பிவிடுகிறாய். அதனால் மாஸ்கோ பஸ் ஓட்டும் நுர்தின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ வேலை பார்க்கும் அந்த உணவகத்தில் இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன் படித்துவிடு.

இங்கே பாப்லர் மரங்கள் பஞ்சு உதிர்க்கின்றன. வெயிலில் பனி பெய்வது போல் இருக்கிறது. நம் வெள்ளைப் பசுவை அரைமணி நேரம் தேடினேன். அது என் எதிரிலேயே நின்றிருந்தது.

நம் ஆஸ்பத்திரி உனக்கு நினைவிருக்கும். நாற்பது கட்டில். அவை நிறைந்திருந்தால்தான் தலைநகரிலிருந்து பணம் வரும். ஆகவே நவம்பர் தோறும் தலைமை டாக்டர் காசிமலி நம் வாசலில் வந்து நிற்பார். "அண்ணே, ஆறு கட்டில் காலியா கெடக்கு. வந்து பத்து நாள் படுங்க, குளுக்கோஸ் ஏத்தி விடுறேன். ஊசிமருந்து, போர்வை, கொஞ்சம் விறகு மட்டும் நீங்க கொண்டுவந்துடுங்க" என்பார். மறுக்க மனம் வராது. பக்கவாதத்தில் என் வாய் ஒரு பக்கம் கோணிய வருடம், அந்த ஊசிகளுக்குக் காசு தேடித்தான் நீ மாஸ்கோவுக்குப் போனாய்.

இந்த வசந்தத்தில், ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும் அரசாங்கக் காப்பீட்டு நிதியத்தார் முறையை மாற்றிவிட்டார்கள். இனிக் கட்டிலுக்குப் பணம் இல்லை. வைத்தியம் பார்த்ததற்கும், நோய் முற்றாமல் காத்ததற்கும்தான். காசிமலி இடிந்துபோனார். "படுக்க ஆளில்லாம எப்படிண்ணே ஆஸ்பத்திரி நடத்துறது?" என்று என்னிடமே கேட்டார். நோயாளிகள் குறைந்த துக்கத்தை விசாரிக்க நானும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது செவ்வாய்தோறும் நர்ஸ் புருல்சா வீட்டுக்கே வந்து, பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றுகிறாள். "மாமா, உங்க பிரஷர் ஒழுங்கா இருந்தாத்தான் எங்க கிளினிக்குக்குக் கூடுதல் காசு. ஒளிஞ்சு ஒளிஞ்சு உப்பு டீ குடிச்சு எங்க பொழப்பைக் கெடுத்துடாதீங்க" என்கிறாள். என் ரத்தத்தில் அரசாங்கத்துக்கு இவ்வளவு அக்கறை இதற்குமுன் இருந்ததில்லை. மாத்திரை விலையில் பெரும்பங்கை நிதியமே கொடுத்துவிடுகிறது. பல் கட்டும் செலவை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை. உப்பில்லாத டீக்குப் பல் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று மாதமாகப் பிரஷர் நூற்று முப்பதைத் தாண்டவில்லை. புருல்சா தன் கையால் எழுதிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மிஞ்சிய கட்டில்களைப் பழைய இரும்புக்கு லாரியில் ஏற்றினார்கள். நான் ஆறு நவம்பர் படுத்த பதினேழாம் எண்ணைக் கேட்டு வாங்கி, மரத்தடியில் போட்டிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் பதினெட்டையும் எடுத்துக்கொண்டேன். "ஒத்தை ஆளுக்கு எதுக்குண்ணே ரெண்டு?" என்றார் காசிமலி. நான் பசுவைத் தேடப் போய்விட்டேன்.

நேற்று மதியம் பதினேழில் படுத்துக் கண்ணயர்ந்தேன். கனவில் நாற்பது கட்டில்களும் குதிரைகளோடு கோடை மேய்ச்சலுக்கு மலையேறிக்கொண்டிருந்தன. காசிமலி குளுக்கோஸ் பாட்டிலோடு பின்னால் ஓடினார். எதுவும் நிற்கவில்லை. பதினெட்டு மட்டும் திரும்பி வந்து, என்னருகில் நின்று மூச்சு வாங்கியது. விழித்தபோது அதன்மேல் ஒரு முழம் பஞ்சு.

தினமும் தட்டிவிடுகிறேன். காலிக் கட்டிலை நிரப்ப இப்போது யாரும் ஆள் தேடுவதில்லை, என்னைத் தவிர, அனார்கான். முதலில் சீட்டைப் பார். உணவகத்துக் கையெழுத்தைப் பிறகு யோசி.

உன் கால்வலி தீர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
ஷர்ஷென்