இறங்காத சுருதி

இன்று காலை கைப்பையைத் திறந்தேன். ஜாதிக்காய்த் தைல வாசனை மூக்கைத் துளைத்தது. புட்டியின் மூடி கழன்று தைலம் பை முழுக்க ஊறிக் கிடந்தது. அடையாள அட்டை, வேலையிடத்து அட்டை, வீட்டுச் சாவி, கைக்குட்டை எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு. உயிரோடு இருந்தவரையில் நீ அந்த மூடியை ஒரு நாளாவது ஒழுங்காகத் திருகி மூடியதுண்டா? பேருந்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு என் சீருடையில் எத்தனை கறை! நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் புட்டி மட்டும் திருந்தவில்லை.

நேற்று மாலை உன் மகள் தாரிணியின் கல்யாண விருந்தில் அவள்தான் இதை என் கையில் திணித்தாள். எதற்காக என்று பிறகு சொல்கிறேன். அங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஆனால் இது உன்னைப் புகழ்ந்து எழுதும் மடல் என்று நினைத்துவிடாதே. புகழ வேண்டியதை எல்லாரும் உன் கருமாதியன்றே புகழ்ந்து முடித்துவிட்டார்கள். எனக்கு உன்மேல் கோபம் மிச்சம் இருக்கிறது.

நீ எனக்கு வாய்த்த விதமே சரியில்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்து அது. சுங்கை பினாங் அடுக்குமாடி வாசலில் விடிவதற்கு முன்பே ஏறுவோம். ஓட்டுநர் மணியம் அண்ணன் பழைய ஜோடிப் பாட்டுகள் அடங்கிய ஒரே ஒரு கேசட்டைத்தான் தினமும் போடுவார். ஒரு நாள் நடுப்பாட்டில் கேசட் சிக்கிக்கொண்டது. நின்ற இடத்திலிருந்து நீ எடுத்துப் பாட ஆரம்பித்தாய். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து திட்டினார்கள். நீ நிறுத்தவில்லை. ஆண் குரல் வரவேண்டிய இடம் வந்ததும் பக்கத்தில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதுவரை நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நேத்து சூப்பர்வைசர்கிட்ட நீ சண்ட போட்டத கேட்டேன். ஒனக்கு ஆம்பள கொரல்லா. இந்த எடத்த நீ பாடு," என்றாய்.

ஒரு பெண்ணிடம் முதன்முதலாகப் பேசுகிற பேச்சா இது? எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வேறு இருக்கைக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் பாடித் தொலைத்தேன். அன்றிலிருந்து அந்தப் பாட்டு நம் பாட்டு, அதில் உனக்குப் பெண் குரல், எனக்கு ஆண் குரல் என்று ஆகிப்போனது. அதையாவது முழுசாகப் பாட விட்டாயா? இரண்டு வரி தாண்டுவதற்குள் உனக்குப் பொறுக்காது. என் வரிகளையும் பிடுங்கிக்கொள்வாய். கடைசியில் எனக்கு மிஞ்சியது நடுவில் வரும் ஹம்மிங் மட்டும்தான். அதற்கும் "நீட்டாத, நீட்டாத" என்று கையால் அமர்த்துவாய்.

எல்லாவற்றையும் கெடுத்தது நாம் பாடிய அந்த முதல் வருடாந்தர விருந்து. தொழிற்சாலையில் கரவோக்கே போட்டி வைத்தார்கள், இயந்திரம் இசையை மட்டும் போடும், நாம் பாடவேண்டும். நமக்கு முன்னால் பாடிய சீனப் பெண்ணுக்கு ஊசி போன்ற மெல்லிய குரல். அவள் தன் குரலுக்குத் தக்கபடி இயந்திரத்தில் சுருதியை ஏற்றிவிட்டுப் பாடினாள். முடித்ததும் அதைத் திருப்பி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் பாட்டும் அந்த உயரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அனுபல்லவியில் உனக்கு மூச்சு முட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது, உச்சிக்குப் போன இடத்தில் குரல் பிளந்தது. பிளந்த இடத்தில் நீ கையை மேலே வீசிச் சிரித்தாய். நீ வேண்டுமென்றே அப்படிப் பாடியதாக நினைத்து மண்டபம் முழுக்கக் கை தட்டியது. பரிசும் கிடைத்தது, ஒரு சோற்றுப்பானை, மின்சாரத்தில் வேகவைக்கிற ரகம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. அது யார் வீட்டுக்குப் போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பரிசு வந்ததே சுருதி ஏறியிருந்ததால்தான் என்பது உன் கட்சி. சுருதி அவ்வளவு ஏறியிருந்தும் வந்தது என்பது என் கட்சி. கடைசிவரை இதில் நமக்குள் முடிவே வரவில்லை. பிறந்தநாள், நிச்சயதார்த்தம், கோயில் அன்னதானத்துக்கு நிதி சேர்க்கும் நிகழ்ச்சி என்று எங்கே மைக்கைப் பிடித்தாலும் நீ ஒலி அமைப்பு கருணா அண்ணனிடம் போய், "ரெண்டு கட்டை ஏத்துங்கண்ணே," என்பாய். பினாங்கில் பாதிக் கல்யாணங்களுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு வரும் மனிதர் அவர். அவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். குரலுக்கு ஏற்ற இடத்தில் பாடினால் தேன் மாதிரி இருக்கும் என்றார். இறக்கிப் பாடுவது கிழவிகள் வேலை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாய். மனிதர் அதன் பிறகு உன்னிடம் வாயே திறப்பதில்லை, நீ மேடைக்கு வரும்போதே பொத்தானை அழுத்திவிடுவார்.

ஒரே ஒரு தடவை அவரிடம் ரகசியமாகச் சொல்லி இறக்கி வைத்தேன். கூட வேலை செய்த ஒருத்தியின் வளைகாப்பு அது. முதல் வரி பாடியதுமே நீ நிறுத்திவிட்டாய். மைக்கிலேயே, அத்தனை பேர் முன்னாலும், "யாரோ மெஷின்ல கை வெச்சிட்டாங்க. மொதல்ல இருந்து போடுங்கண்ணே," என்றாய். யாரோ என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாய். மறுநாள் பேருந்தில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாய். பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் பாட்டு உண்டு. எனக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கப் பாடிக்கொண்டு வந்தாய். ஹம்மிங் இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாய். பேருந்து முழுக்க அமைதி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மானங்கெட்டுப் பின்னாலிருந்து முனகினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த வரியை எடுத்துவிட்டாய். அதுதான் நம் சமாதானம்.

உன் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு ஜோகூர் பக்கம் போய்விட்ட வாரமும் நீ பாடினாய். செய்தி கேட்டுப் பேருந்தில் எல்லாரும் உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீ ஏறினாய், தைலத்தைத் தொண்டையில் தேய்த்தாய், ஆரம்பித்தாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று நான் முந்தின நாள் தூங்கவே இல்லை. இறங்கும்போது உன் கையைப் பிடித்து இழுத்து, உனக்கு மூளை இருக்கிறதா, ஒரு நாளாவது அழக்கூடாதா என்று கேட்டேன்.

"அழுதா மூக்கு ஒழுவும்லா. பாடுனா ஒழுவாது," என்றாய். உன் கையை விட்டுவிட்டேன்.

தாரிணி அந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்தாள். உன் வீட்டில் நாம் ஒத்திகை பார்க்கும்போது அவள் மேசையில் பள்ளிப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். காதில் பஞ்சை அடைத்துக்கொள்வாள். பிறகு படித்தாள், வேலைக்குப் போனாள், பாலிக் புலாவில் அவளுக்கு ஒரு நல்ல பையனும் அமைந்தான். அந்த நேரம் பார்த்து உனக்கு மார்பில் கட்டி வந்தது. மருத்துவமனையில் நீ சத்தம் வராத குரலில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய்.

"கல்யாண டின்னர்ல நம்ம பாட்ட நீ பாடிரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடுவதற்கு நீ எழுந்து வரவேண்டியதுதானே என்றேன். எனக்குத் தெரிந்தது ஆண் குரல்தான், அதிலும் பாதியை நீதான் தின்றுவிட்டாயே என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"இத்தன வருசம் பக்கத்துல நின்ன. கத்துக்கிலியா?"

சரி என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு தாரிணியிடமும் சொல்லிவிட்டாய். உனக்கு எல்லாமே அப்படித்தான். நீ போன பிறகு அவள் ஒவ்வொரு முறை என்னைப் பார்க்கும்போதும், "ஆன்ட்டி, பாட்டு பாடறீங்கதானே?" என்று கேட்டாள். கல்யாணத்தில் அம்மா பக்கத்திலிருந்து அவளுக்கு வேறு எதுவும் வரப்போவதில்லை. இந்தப் பாட்டு ஒன்றுதான். பெற்றவள் இடத்தில் நின்று பாடச் சொல்கிறாள், நான் போய்க் கெடுத்துவைத்தால் அவள் ஆயுசுக்கும் அந்த நாளை எப்படி நினைப்பாள்?

கைப்பேசியில் பாட்டைப் போட்டு வீட்டில் பழகினேன். அப்போதுதான் தெரிந்தது, வாழ்நாள் முழுக்கக் கேட்ட பாட்டு எனக்குப் பாடத் தெரியவில்லை. நீ பாடும் இடங்களில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நீ மூச்சு வாங்கும் இடங்களில் திறந்துகொண்டது. சமையலறையில் நின்று கேட்ட என் வீட்டுக்காரர், வானொலி நிலையம் சரியாகக் கிடைக்காத மாதிரி விட்டு விட்டு வருகிறது என்றார். அவரைத் திட்டிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வேலைக்குப் போகும் பேருந்திலும் பழகினேன். இப்போது எல்லார் காதிலும் இயர்போன், யாரும் திட்டுவதற்குக்கூட இல்லை. ஒரு வழியாக வரிகள் பிடிபட்டன. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த முறை சுருதியை முடிவு செய்வது நான்தான்.

நேற்று மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாகக் கருணா அண்ணனிடம் போய் இரண்டு கட்டை இறக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நெசமாவா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றேன். மேடைக்கு ஏறும்போது தாரிணி மணக்கோலத்தில் எழுந்து வந்து இந்தப் புட்டியை என் கையில் வைத்தாள். உன் அலமாரியில் இருந்ததாம். அம்மா தேய்க்காமல் பாடமாட்டார்கள் என்றாள். சரி என்று தொண்டையில் தேய்த்தேன். அந்த வாசனைதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இசை ஆரம்பித்தது. பாந்தமான, என் குரலுக்குத் தோதான சுருதி. நான் வாயைத் திறந்தேன். வந்தது உன் சுருதி. பாட்டு கீழே ஒரு பக்கம் போகிறது, நான் மேலே ஒரு பக்கம் போகிறேன். காதில் விழுகிறது, திருத்த முடியவில்லை. இறங்கப் பார்த்தேன், அந்த வரியை வேறு எங்கே பாடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நீ பாடிக் கேட்ட உயரத்தில்தான் அது எனக்குள் கிடக்கிறது. வியர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவமானத்தில் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன்.

அப்போது நம் தொழிற்சாலைப் பெண்கள் உட்கார்ந்திருந்த மேசையில் யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. பிறகு அந்த மேசை முழுக்கச் சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தது. கருணா அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். பாட்டு படிப்படியாக ஏறி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. நானும் பாடினேன். உச்சியில் குரல் பிளந்தது. பிளந்த இடத்தில் என் கை தானாக மேலே போயிற்று.

அடுத்து ஹம்மிங் வந்தது, என் இடம். நான் உன் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், அங்கே முனக ஆள் இல்லை. இசை மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. நீ இல்லை என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான். கருமாதியன்றுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் முனகியது. திரும்பிப் பார்த்தேன். தாரிணி. மைக் இல்லை, மாலை கனத்தில் கழுத்தைக்கூட நிமிர்த்த முடியவில்லை, நான் முனகுவது போலவே முனகினாள். எங்கே நீட்டுவேன், எங்கே நீ அமர்த்துவாய் என்பது உட்பட எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். காதில் பஞ்சு அடைத்தவள்! அவளும் அதே உயரத்தில்தான் முனகினாள். நான் அடுத்த வரியை எடுத்தேன். வேறென்ன செய்வது?

பாட்டு முடிந்ததும் அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இவ்வளவு இறுக்கிப் பிடித்து யாரும் என்னைக் கட்டியதில்லை. "எறக்கிப் பாடுவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன் ஆன்ட்டி," என்றாள்.

பையைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். வாசனை போகவில்லை. அட்டைகளைத் துடைத்துக்கொண்டே அந்தப் பாட்டை இறக்கிப் பாடிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, இயந்திரம் இல்லை, அவசரம் இல்லை. முதல் வரியைக் கீழே ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் தானாக ஏறிவிட்டது. மறுபடியும் ஆரம்பித்தேன், மறுபடியும் ஏறியது. தொண்டை வலிக்கிறது. இத்தனை வருடம் சண்டை போட்டும் நான் தோற்றது இதில்தான். சோற்றுப்பானையை எடுத்துக்கொண்டாய், ஜன்னலோர இருக்கையை எடுத்துக்கொண்டாய், என் வரிகளை எல்லாம் எடுத்துக்கொண்டாய். போகும்போது உன் சுருதியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?