மச்சாள் சொன்ன ஓம்

மார்ச் 18, செவ்வாய்

மகள் றொஷானியின் வகுப்பு ஆசிரியை, மெத்ரெஸ் ஆனைஸ், இன்று எங்களைப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார். எனக்குப் பிரெஞ்சு போதாது. இவருக்கு உணவகத்துச் சமையலறைப் பிரெஞ்சுதான். வழக்கம்போல இவருடைய அக்கா தில்லைநாயகி பொண்டியிலிருந்து வந்து எங்களுக்காகக் கதைத்தார். மெத்ரெஸ் நீளமாகச் சொல்லச் சொல்ல, மச்சாள் தலையாட்டி "உய், உய்" என்று ஓம் போட்டார். நான் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து கேட்டேன். "ஒண்டுமில்லை, வீட்டில கொஞ்சம் வாசிக்கப் பண்ணட்டாம்" என்றார். அவ்வளவு கதைக்கும் இவ்வளவுதானா?

மார்ச் 19, புதன்

பள்ளி அரை நாள். சாப்பிடும்போது றொஷானி சொன்னாள். நேற்று அவளும் அந்த அறையில்தானே இருந்தாள்.

"நான் திரும்பவும் முதலாம் வகுப்பிலயே இருக்க வேணுமாம். மாமி ஓம் எண்டு சொல்லிட்டா."

"வேறென்ன சொன்னவ?"

"அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாதாம். அதால வீட்டில ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறதில்லையாம்."

எழுத வாசிக்கத் தெரியாதவள்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 20, வியாழன்

மச்சாளை ஃபோனில் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. "உப்பிடிச் சொன்னாத்தான் அவையள் கூடக் கவனிப்பினம், கோசலை. உமக்கு இந்த நாட்டு நடைமுறை விளங்காது."

"என்ரை பிள்ளையை மறிச்சு வைக்கச் சொல்ல நீங்கள் ஆர்?" என்றேன். ஃபோனை வைத்துவிட்டாள். ஓம், வைத்துவிட்டாள். இனி அவளுக்கு மரியாதை 'ஆர்' விகுதி என் பேனையில் வராது.

வேலையால் வந்ததும் இவர் தொடங்கினார். "அக்கா லீவு போட்டு எங்களுக்காக வாறா. நீர் அவவோடை சண்டை பிடிக்கிறீர்." சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பினேன்.

மார்ச் 22, சனி

பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்! லா ஷப்பெலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு என்னோடு வந்தாள். வழியில் மருந்துக்கடை, சலவைக்கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். பிறகென்ன பிரச்சினை?

"மெத்ரெஸ் இதில வொயெல் எது, கொன்சொன் எது எண்டு கேப்பா. எனக்கு அந்தச் சொல்லுகள் தெரியாது. சிலாப் எத்தினை எண்டு கை தட்டச் சொல்லுவா. மற்றப் பிள்ளையளைப் பாத்துத் தட்டுவன்."

"தெரியாதெண்டு சொல்லேல்லையே?"

"சிரிப்பினம்."

பாவமாக இருக்கவில்லை. கோபம்தான் வந்தது. சிரிக்கிறதுகள் மேல், கவனிக்காத மெத்ரெஸ் மேல், தலையாட்டிய மச்சாள் மேல். இவரையும் சேர்க்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

வொயெல் என்றால் உயிரெழுத்து. கொன்சொன் மெய்யெழுத்து. சிலாப் அசை. ஆனால் உயிர், மெய் என்றாலும் அவளுக்குத் தெரியாதே. வாயைத் திறக்க வைத்தேன். ஆ, ஈ, ஊ. "பார், ஒண்டும் தடுக்கேல்லை, இது வொயெல்." பிறகு ப், ம். "வாய் மூடுதெல்லோ?" உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். சொற்களைச் சொல்லிச் சொல்லிக் கை தட்டினோம். "என்ன தட்டு இது?" என்று இவர் கேட்டார். அடுத்த சொல்லைத் தட்டினோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடுமுறை முழுக்கத் தட்டினோம். கீழ்வீட்டுக்காரி தன் வீட்டு மேற்கூரையில் தும்புத்தடியால் இடித்தாள். இடிக்கட்டும்.

மே 13, செவ்வாய்

ஒருவருக்கும் சொல்லாமல் பள்ளிக்குப் போனேன். பாடமாக்கி வைத்திருந்த வசனம் எல்லாம் வாசலிலேயே உடைந்துபோயிற்று. உடைந்ததைப் பொறுக்கிச் சொன்னேன்: நான் வாசிப்பேன், எழுதுவேன், மகள் மேலே போக வேணும்.

ஆனைஸின் முகம் இறுகியது. "உங்கள் மச்சாள் சம்மதித்துவிட்டாரே."

"மச்சாள், இல்லை. தாய், நான்."

பிள்ளையைக் கூப்பிட்டுப் பலகையில் சொற்களை எழுதிக் கேட்டார். வொயெல் எல்லாம் சரி. சிலாப் ஒன்று பிழைத்தது. மெத்ரெஸ் சிரிக்கவில்லை. பார்ப்போம் என்றார். அன்றைக்கு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்றும் கேட்டார். கேள்வி நன்றாக விளங்கியது.

யூன் 20, வெள்ளி

இரண்டாம் வகுப்புக்கு விடுகிறார்கள். பள்ளி முடிந்ததும் மேலதிக பாடம் இருக்கும்.

இவர் அக்காவுக்குச் சொன்னாராம். "நாளைக்குப் பிள்ளை தடுமாறினா என்னட்டை வரவேண்டாம்" என்றாளாம்.

போகமாட்டேன்.

செப்டெம்பர் 11, வியாழன்

புது வகுப்பின் பெற்றோர் கூட்டம். "அக்காவைக் கூப்பிடுவமோ?" என்று இவர் மெல்லக் கேட்டார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை, தானும் கூட வந்தார்.

புது மெத்ரெஸ் ரயில் மாதிரிக் கதைக்கிறார். வேர்ப், சுஜே என்று புது இலக்கணச் சொற்களாக வந்தன. கையைத் தூக்கினேன். சுஜே என்றால் என்ன என்று கேட்டேன். முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன், அவள் திரும்பும் வரைக்கும். மெத்ரெஸ் மறுபடி முதலிலிருந்து நிறுத்தி நிறுத்தி ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார்.

இவர் என் காதுப்பக்கம் குனிந்தார். "என்னவாம்?"

"பொறுங்கோ, அவ முடிக்கட்டும்" என்றேன்.