பாட்டுக்கா மேல் போட்ட பழி

மார்ச் 4, செவ்வாய்

இடுப்பில் அரிப்பு. பாவாடை நாடா உராய்வதால்தான். மருந்துக்கடைக்கு நடந்தே போய் அதே டியூபை வாங்கி வந்தேன். இது மூன்றாவது. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா பாட்டி?" என்றான் கடைக்காரன். எனக்கில்லை, பக்கத்து வீட்டம்மாவுக்கு என்றேன். பாவம் அந்த அம்மா, இந்த ஆறு மாதத்தில் என் புண்ணியத்தில் அவளுக்கு வராத வியாதி இல்லை.

தடவினால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் மறுபடி வருகிறது, முன்பைவிடக் கொஞ்சம் அகலமாக. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். எழுபது வயதில் தோலில் ஒரு புள்ளி கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் நான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினார்கள். சுத்தத்தில் என்னை யாரும் ஃபெயிலாக்க முடியாது.

மார்ச் 7, வெள்ளி

பேத்தியின் கழுத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் வெளுத்து. பள்ளியில் டீச்சர் பார்த்துவிட்டு, டாக்டர் கடிதம் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் படர்தாமரை!

மருமகளுக்கு முகமே செத்துப்போயிற்று. "நம்ம வீட்ல எப்படி அத்தை?" என்றாள்.

"குளிப்பாட்டறது நான். அதுல ஒரு குறை சொல்ல முடியாது. பகல் பூரா தூக்கி வெச்சுட்டுத் திரியறது யாரு? அவளைக் கேளு."

பாட்டுக்காவைத்தான் சொன்னேன். என் முழங்கால் ஓடியாட விடாது என்பதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடமாக வருகிறவள். எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். பேத்தி வைத்த பெயர் அது. ஆனால் குளியலை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. குளித்ததும் என் துண்டிலேயே சுருட்டி, இடுப்பில் வைத்துத் தூக்கிவருவேன். பழகிய துண்டுதான் பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும்.

மார்ச் 8, சனி

பாட்டுக்கா வந்ததும் மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினாள், கழுத்தைக் காட்டினாள். "காலையும் பாத்துக்கோங்கக்கா, எனக்கென்ன." ஒன்றும் இல்லை.

"துணிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

பாட்டுக்கா என்னையே பார்த்தாள். சரியாகும் வரை வரவேண்டாம் என்று மகன் சொல்ல, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தோல் டாக்டரிடம் போனோம். பேத்தி என் முந்தானையை விடாததால் நானும் உள்ளே போனேன். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டாள். வேலைக்கு வந்தவளை நிறுத்திவிட்டதாக மகன் சொன்னான்.

"குட்டிய யாரு குளிப்பாட்டுவாங்க?"

"பாட்டி! துண்டுல சுத்தி, பொட்டலம் கட்டித் தூக்கிட்டு வருவாங்க!"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எங்கயாவது அரிப்பு இருக்கா அம்மா?"

இல்லை என்றேன். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

இது பூஞ்சையாம். துண்டு, உடை, படுக்கை எல்லாவற்றாலும் ஒட்டுமாம். ஈரம் தங்கும் இடத்தில் நன்றாக வளருமாம். "கடையில கேட்டு வாங்கித் தடவுற டியூப்ல பாதி ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பு அடங்கும், வட்டம் கலைஞ்சு அடையாளமே தெரியாது. ஆனா பூஞ்சை சாகாது, பரவிட்டே இருக்கும்" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் புடவையை இடுப்பில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு. தோல் மெலிந்து வெங்காயச் சருகு மாதிரி, உள்ளே நரம்பு தெரிகிறது. வயிறு வரை போயிருக்கிறது.

சீ. நான்தான். எங்கிட்டேருந்துதான் பிள்ளைக்கு.

எனக்குத் தெரியாதா? தெரியும். போன வாரமே அந்த வட்டத்தைப் பாத்தப்ப நெஞ்சு திக்குன்னுச்சே! தெரிஞ்சேதானே பாட்டுக்காவ இழுத்துவிட்டேன்? இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு மருமக முன்னாடி நிப்பேன்—

முழங்கால் வலி என்று சொல்லிக் குளிப்பாட்டப் போகவில்லை. பேத்தி குளியலறை வாசலில் நின்று பாட்டிதான் வேணும் என்று அழுதாள்.

மார்ச் 14, வெள்ளி

பேத்தியின் கன்னத்தில் இன்னொன்று கிளம்பியிருக்கிறது.

காலையில் மருமகள் சொன்னாள்: "பாட்டுக்கா என் ஃப்ரெண்டு வீட்ல வேலைக்குப் பேசியிருக்கா அத்தை. அந்த ஃப்ரெண்டு எனக்கு போன் பண்ணி ஆள் எப்படின்னு விசாரிச்சா. கைக்குழந்தை இருக்கிற வீடு. மறைக்கக் கூடாதுன்னு படை விஷயத்தைச் சொல்லிட்டேன். வேண்டாம்னுட்டாளாம்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். கதவைச் சாத்தும்மா என்றேன். புடவையை விலக்கிக் காட்டினேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவரும் அசையவில்லை.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம்."

"எரியுதா அத்தை?"

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 15, சனி

டாக்டரம்மா எனக்கு மாத்திரையும் வேறு களிம்பும் கொடுத்தாள். ஆளுக்கொரு துண்டு. குளித்ததும் மடிப்பெல்லாம் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும். நாடாவை இறுக்கக் கூடாது. உடுத்தினதையெல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். மறைந்தாலும் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது. காலையும் மாலையும் நார் போட்டுத் தேய்ப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். "தோலைப் பாத்திரம் மாதிரி தேய்ச்சா அதுக்குத் தெம்பு எங்கேருந்து வரும்?" என்றாள்.

இத்தனை நாள் இதைத்தான் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மருமகள் தானே தோழியிடம் பேசுவதாகச் சொன்னாள். வேண்டாம், நம்பரைப் போட்டுக்கொடு என்று போனை வாங்கிக்கொண்டேன். "படை இருந்தது எனக்கும்மா. அந்தப் பொண்ணுமேல பொய்யாப் பழி போட்டது நான்" என்றேன். முகம் தெரியாத ஒருத்தியிடம். சரிங்கம்மா, யோசிக்கிறேன் என்றாள்.

மாலையில் பாட்டுக்கா வீட்டுக்குப் போனேன். மருமகளும் கூட வந்தாள். ஒற்றை அறை, எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவள் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க வரவேணாம்னது போகட்டும்மா. துணிக்குள்ள என்ன இருக்கோன்னு சொன்னீங்க பாருங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, எம்பொண்ண விட்டு முதுகெல்லாம் தேடிப் பாக்கச் சொன்னேன். ஒருவேளை இருக்குமோன்னு எனக்கே பயம் வந்துருச்சு."

மன்னிச்சுக்கோ என்றேன். டீ போடட்டுமா என்று கேட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

பேத்திக்குச் சுத்தமாக மறைந்துவிட்டது. எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பாட்டுக்கா அந்தத் தோழி வீட்டில்தான் வேலை பார்க்கிறாள். திரும்பக் கூப்பிட்டோம், அங்கே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். இன்று மாலை அந்தக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் வந்தாள். பேத்தி கேட்டைத் திறந்துகொண்டு ஓடினாள், தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

பாட்டுக்கா குனியவில்லை. வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தூக்கலாமாம்மா?"

முன்பெல்லாம் கேட்கமாட்டாள். தூக்கு என்று தலையை ஆட்டினேன்.